ஐந்து டிரம், ஒரு புட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். எந்திரத்தை எப்படி ஓட்டுவது, முடிவை எப்படிக் கணக்கிடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகச் சொல்லும். எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்களில் யாரைக் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பயத்தைப் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டு ஊர் முடியும் இடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். தினமும் ஊரப்பாக்கத்தில் ரயிலேறி வருவேன். எங்கள் பிரிவின் வேலை, கடலில் எண்ணெய் கொட்டினால் அதன்மேல் தெளிக்கிற டிஸ்பர்சன்டை ஆராய்ந்து அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது. கடற்கரைக் குப்பத்து ஆட்கள் அதை 'மருந்து' என்பார்கள். படலமாக மிதக்கும் எண்ணெயை அது பொடிப்பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் கலைத்துவிடும். உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று சோப்பு மாதிரியான சரக்கு. இன்னொன்று அந்தச் சரக்கைத் தாங்கி நிற்கும் கரைப்பான்.

எல்லாரும் சோப்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள், எண்ணெய் உடையுமா உடையாதா என்று. எனக்குக் கரைப்பான் மேல்தான் கண். நல்ல கரைப்பான் என்றால் சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை, பெரிதாக வாடை வராது. கெட்டது என்றால் பென்சீனும் டொலுவீனும் இருக்கும். பெயிண்ட் கடைத் தின்னரைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதே ஆவி. கொஞ்சம் சுவாசித்தால் தலை சுற்றும். அடைத்த இடத்தில் நிறையச் சுவாசித்தால் ஆள் விழுந்துவிடுவான். அதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்புக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பல டிரம் வந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புட்டி எடுப்பார்கள். நாங்கள் எல்லாவற்றிலும் சமமாக அளந்து ஒரே புட்டியில் ஊற்றிக் கலக்கி, எந்திரத்தில் ஒரே தடவை ஏற்றுவோம். கூட்டு மாதிரி என்று பெயர். அதில் தப்பில்லை, நேரம் மிச்சம். தப்பு அடுத்த காரியத்தில்தான் இருந்தது. புட்டிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பதால், கலந்து முடித்ததும் பழைய புட்டிகளில் மீந்ததைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்துவிடுவோம். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

தேசிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்து மீனவர். செவ்வாய்க்கிழமைதோறும் கடலில் மூன்று இடங்களில் தண்ணீர் பிடித்து எங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார். நான் திருநெல்வேலிக்காரி, வாய் தவறி முதல் நாளே 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிட்டேன்.

"நான் இன்னா மளிகக் கடயா வெச்சிக்கீறேன்? அண்ணாச்சின்றியே!" என்றார். பக்கத்தில் நின்ற அவர் தம்பி ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். அதற்காகவே நான் கடைசிவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். அண்ணனும் தம்பியும் ஒரே படகில்தான் போவார்கள்.

அது நடந்த நாள் காலை நான் வந்ததும் வராததுமாக எங்கள் தலைமை ஆய்வாளர் வாசலிலேயே நின்றிருந்தார். முந்தின நாள் கடலில் ஏதோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. படலம் கரையிலிருந்து தள்ளி நிற்கிறது. மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து கரைப்பக்கம் திரும்பும், திரும்பினால் இறால் குஞ்சுப் பண்ணைகள் தண்ணீர் இழுக்கும் குழாய்களுக்குள் எண்ணெய் போய்விடும். அதற்குள் ஆழமான கடலிலேயே மருந்து தெளித்தாக வேண்டும். ஒரு ஒப்பந்தக்காரரின் கிடங்கில் ஐந்து டிரம் இருக்கிறது, பழைய சரக்கு. ஐந்து புட்டி மாதிரி ஜீப்பில் வந்துவிட்டது. பதினொன்றரைக்குள் அறிக்கை வேண்டும்.

"யார் சார் தெளிக்கப் போறா?" என்று கேட்டேன்.

"குப்பத்து ஆளுங்கதாம்மா. மூணு ஃபைபர் படகு பேசியிருக்காங்க. உங்க தேசிங்கு போட்டும் உண்டு."

வேலையை ஆரம்பித்தேன். ஐந்தையும் கலந்தேன், ஏற்றினேன். எந்திரம் தாளில் கோடு போடும்போது, நல்ல கரைப்பானாக இருந்தால் தொடக்கத்தில், பென்சீனும் டொலுவீனும் வரும் இடத்தில், ஒன்றிரண்டு சின்ன மேடுகள்தான் வரும். அன்று அந்த இடத்தில் ஒரு மேடு எழுந்து நின்றது. கணக்குப் போட்டேன். உங்களுக்குப் புரிய ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், வரம்பு நூறு என்றால் எனக்கு வந்தது எண்பது. அந்தச் சரக்கில் பத்துக்கு மேல் நான் பார்த்ததே இல்லை.

தலைமை ஆய்வாளர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே என் மேசைக்கு எதிரில் நின்றார். அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கே கேட்டது.

"வரம்புக்குள்ள இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லும்மா."

"இருக்கு சார். ஆனா..."

"ஆனா என்ன?"

ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. பழைய சரக்கு, வெயிலில் கிடந்திருக்கும், அதனால் இருக்கலாம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள்' என்று கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. காரணம் சொல்லத் தெரியாமல் நேரம் கேட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம். கையெழுத்துப் போட்டேன். தெளிப்பை நடத்தும் அதிகாரிக்கு ஃபாக்ஸ் போயிற்று.

மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன், அதுவும் நினைவிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவத் தொட்டிக்குப் போனேன். அங்கே காலையில் வந்த ஐந்து புட்டிகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் டப்பாவைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன்.

ஐந்து புட்டி. ஐந்து வேறு வேறு டிரம். ஐந்து வீட்டுக் குழம்பை ஒரே அண்டாவில் கொட்டி ருசி பார்த்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தால்? நான்கு டிரம் வழக்கம்போலப் பத்துப் பத்து என்று வைத்துக்கொண்டால், கலவையில் எண்பது வருவதற்கு ஐந்தாவது டிரம்மில் முந்நூற்று அறுபது இருக்க வேண்டும். வரம்பைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அது எந்த டிரம் என்று சொல்ல ஒரு சொட்டுக்கூட மீதி இல்லை, எல்லாம் சாக்கடையில் போய்விட்டது.

ஓடிப்போய்த் தலைமை ஆய்வாளரிடம் சொன்னேன். முதலில் அவர் கோபப்பட்டார்.

"என்னம்மா நீ! பாஸ்னு கொடுத்தாச்சு. இப்ப போய் 'இருந்தாலும் இருக்கலாம்'னா என்ன பண்றது? உனக்கே நிச்சயமாத் தெரியாதில்ல?"

"தெரியாது சார். அதனாலதான் பயமா இருக்கு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினார். ஆறு தடவையாவது இருக்கும். அப்போது எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது, கடற்கரையில் இருப்பவர்களிடமும் கிடையாது. ஆய்வுக்கூடத்து ஜீப் கிடங்குக்குப் போயிருந்தது. உதவியாளரைக் கூப்பிட்டு, லைன் கிடைக்கிறவரை சுழற்றிக்கொண்டே இரு, டிரம்மைத் திறக்க வேண்டாம் என்று சொல் என்று உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறும்மா."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். அந்த மனிதர் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்க மாட்டார். பாதி வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிறுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்து வண்டியை உதைத்துக்கொண்டே, "எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு மாசம் இருக்கும்மா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "அதுக்காகச் சொல்லல" என்றார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. மணலில் டிரம் உருட்டிய தடம் மட்டும் இருந்தது. அறிக்கை கைக்கு வந்ததும் அதிகாரி படகுகளை அனுப்பிவிட்டுப் பண்ணைகளைப் பார்க்கப் போய்விட்டாராம். தேசிங்கின் மனைவி அஞ்சலை கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இன்னா மேடம், இந்த வெயில்ல வந்துகீற?"

"போட்டெல்லாம் எங்கம்மா?"

"அது போயி ஒரு மண்ணேரம், ஒண்ற மண்ணேரம் ஆயிருக்கும். ஏன்?"

தலைமை ஆய்வாளர்தான் சொன்னார், மருந்தில் ஒரு சந்தேகம், டிரம்மை மூடிவிட்டுத் திரும்பி வரச் சொல்ல வேண்டும் என்று. அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சந்தேகம்னா? நீதானே டெஸ்ட் பண்ணி அன்ப்பன?"

"ஆமாம்மா. நான்தான்."

அவள் திரும்பி, வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஓடிவந்து ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். என்ஜின் முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவது இழுப்பிலும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது.

அப்புறம் காத்திருப்புதான். ஒரு பக்கம் ஐந்து டிரம்மும் நல்லதாகவே இருக்கட்டும், நான் ஊர் சிரிக்க முட்டாளாகிப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இன்னொரு பக்கம் எந்தப் படகில் எந்த டிரம் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. இரண்டு படகில் இரண்டிரண்டு, ஒன்றில் ஒன்று. ஒற்றை டிரம் உள்ள படகுக்கு ஆபத்து குறைவு என்று கூட நினைத்தேன் பாருங்கள்! பயத்தில் மனுஷ புத்தி அப்படியெல்லாம் போகும். அஞ்சலை கருவாட்டை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலு மணி வாக்கில் முதல் படகு வந்தது. ஆட்கள் நன்றாகத்தான் இருந்தார்கள், எரிச்சல்தான் பட்டார்கள். "பாதி வேலைல இன்னா பேஜாரு இது? ஒரு டைம் போன்றீங்கோ, ஒரு டைம் வான்றீங்கோ" என்று ஒருவர் கத்தினார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது. பின்னாலேயே இரண்டாவது படகும் வந்தது, அவர்களும் நலம். அப்பாடா என்று மணலில் உட்கார்ந்தேன். மூன்றாவது படகு வரும்போதே தெரிந்துவிட்டது. தேசிங்கு ஒருவர்தான் நின்றுகொண்டு ஓட்டிவந்தார். ஏழுமலையைக் காணவில்லை.

ஏழுமலை படகின் அடியில் கிடந்தான். வாந்தி எடுத்திருந்தான், கண் செருகியிருந்தது, மூச்சு கரகரவென்று இழுத்தது. நடந்தது இதுதான். மருந்தில் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்று தெளிக்கும் முறையில் எழுதிக் கொடுத்திருந்தோம். அதனால் அலைத்தண்ணீர் தெறித்து விழாமல் டிரம்மை மூடித் தார்ப்பாயைப் போர்த்தியிருக்கிறார்கள். ஏழுமலை அந்தத் தார்ப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் மக்கினால் மொண்டு மொண்டு தெளிப்பானில் ஊற்றியிருக்கிறான். வெயில் சூட்டில் உள்ளே ஆவி அடைத்து நின்றிருக்கிறது. நாலாவது தடவை குனிந்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்த டிரம்மின் வாயருகே போனேன். என் மூக்கே சொல்லிவிட்டது. கிடங்கில் ஒரு டிரம் ஒழுகி அளவு குறைந்திருக்கிறது. குறைந்தது தெரியாமல் இருக்க யாரோ தின்னரை ஊற்றி நிரப்பி வைத்திருந்தார்கள். இது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. அன்றைக்கு யார் ஊற்றினால் எனக்கென்ன? சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

சுற்றுலா வேன் ஒன்றை மறித்து அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கிறது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் தேசிங்கு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக நின்றேன். ஓடிப்போய் ரயிலேறிவிடலாமா என்று தோன்றியது. மெய்யாகவே தோன்றியது, மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் போகவில்லை.

அவரே பேச ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல்.

"கரையிலயே டிரம்மத் தொறந்து பார்த்தேன் மேடம். நாத்தம் கிர்ருனு தலைக்கி ஏறிச்சி. இது வேணாம் சாமி, ஆள வுடுன்னு போட்ட வுட்டு எறங்கிட்டேன். அந்த ஆபீசரு பேப்பரக் காட்னாரு. யாரு பார்த்து எழுதனதுனு கேட்டேன். உன் பேரச் சொன்னாரு. அந்தம்மா பார்த்துட்டா சர்தான்னுட்டு, ஏழுமலை மாட்டேன்னு நின்னவன, நான்தான் கையப் புட்சி இஸ்துகினு போயி ஏத்னேன்."

நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஐந்து புட்டியை ஒன்றாகக் கலந்ததையும், எண்பது வந்ததையும், சந்தேகப்பட்டும் கையெழுத்துப் போட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது அண்ணாச்சி என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் வார்டுக் கதவைப் பார்த்தார். பிறகு, "அவன் கண்ணத் தொறக்கட்டும். அப்பால பேசிக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஏழுமலை கண் திறந்தான். பிழைத்துக்கொண்டான். மூச்சு சீராகப் பல மாதம் ஆயிற்று, அதற்குப் பிறகும் முன்னைப்போல வலை இழுக்க முடியவில்லை. அலுவலகத்தில் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், அவ்வளவுதான். நடந்தது தன் பொறுப்பும்தான் என்று தலைமை ஆய்வாளர் தானாகவே எழுதிக் கொடுத்தார், அந்த ஏழு மாதத்தைத் தலை குனிந்தே கழித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் முடிவு போய் ஒரு மாதம் ஆகும்வரை எந்தப் புட்டியையும் கழுவ விட்டதில்லை. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் வழக்கத்தைவிட எக்கச்சக்கமாக வருகிறது என்றால், கூட்டு மாதிரியைத் தூக்கி வைத்துவிட்டுத் தனித்தனியாகப் பார்த்தோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எந்த அதிகாரி போனில் கத்தினாலும் கத்தட்டும். உங்கள் 'ஆனா'வுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்று சொல்லி நேரம் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தேசிங்கு மறுபடி வந்தார், தனியாக. மூன்று புட்டியை மேசைமேல் வைத்தார். பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். 'அப்பால பேசிக்கலாம்' என்றாரே, இப்போது பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார். பேசவில்லை. கடல் எப்படி இருக்கிறது, மழை வருமா என்றெல்லாம் பேசுவார், பொங்கலுக்கு மீன் கூடக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவேயில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதையும் எப்படியோ தாங்கியிருப்பேன்.

வருடக்கணக்கில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால், இன்றைக்குப் பேசிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வரும். நான் ஓய்வு பெற்ற வாரமும் வந்தார். புட்டிகளை வைத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், வாசல்வரை போய் நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.